யாரும் பார்க்காத முகம்

முதல் தட்டல் எந்த மாலையில் கேட்டது என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது. ஆத்துமாக்களின் திருநாள் கழிந்து, ஓடையின் ஓரங்கள் உறையத் தொடங்கியிருந்த சமயம் என்று நினைவு. பன்றி அறுக்கும் வாரத்துக்கு முன்பா பின்பா என்று கேட்டால் ரேவன்பெக் ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள். இந்தக் கதையில் சில இடங்கள் நான் கேட்டபடியே இருக்கின்றன. சில இடங்களை, அப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைத்து நினைத்து நானே நிரப்பிவிட்டேன் போலிருக்கிறது. எது எது என்று இப்போது பிரிக்கத் தெரியவில்லை. ஆனால் அந்தத் தட்டல் கதவின் அடியில்தான் கேட்டது. அதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

மாலை ஜெபமணி அடித்து ஓய்ந்திருந்தது. குளிர்காலத்தில் அந்தப் பக்கம் பிற்பகலிலேயே இருண்டுவிடும். மது காய்ச்சி விற்கும் ஹாவிஸின் வீட்டில் பெரிய மரத்தொட்டியில் பார்லி மது நுரைத்துக்கொண்டிருந்தது. தூக்கத்தில் குழந்தை உதடு பிரிப்பதைப் போன்ற சின்னச் சத்தம் அது. கணவன் போன பிறகு அந்த வீட்டில் அவளுக்குத் துணையாக இருந்த சத்தம். கூரைத் துளையைத் தேடித் தயங்கிக்கொண்டிருந்த, சதுப்பில் வெட்டி விறகாக எரிக்கும் கரிமண்ணின் புகை, வறுத்த பார்லியின் இனிப்பு வாசனை, சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த கிழட்டுப் பெண்பன்றியின் கதகதப்பான நாற்றம், எல்லாம் வழக்கப்படிதான் இருந்தன. மேசையில் இரண்டு கிண்ணங்கள். ஒன்று அவளுக்கு. இன்னொன்று தர்ஸ்டனுக்கு.

தர்ஸ்டன் அவளுடைய ஒரே மகன். பிரபுவின் ஆட்களோடு கடல் தாண்டிச் சண்டைக்குப் போனவன். அறுவடையின்போது மற்றவர்கள் திரும்பிவிட்டார்கள். அவள் கேட்டதற்கு, "பின்னாடி வர்றான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவள் ஊற்றிக்கொடுத்த மதுவைத் தலை நிமிராமல் குடித்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் அவனுடைய கிண்ணத்தில் கஞ்சி ஊற்றி வைத்தாள். காலையில் அதைப் பன்றிக்குக் கொட்டினாள். அவன் வந்துவிட்டால் போதும். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

தட்டல் மறுபடி கேட்டது. முழங்கால் உயரத்தில், அதற்கும் கீழே. நாய் வாலால் அடிப்பது போல மெத்தென்று. ஆனால் நாய் இப்படி இடைவெளி விட்டு, பதிலுக்குக் காத்திருந்து தட்டாது.

"யாரு?"

பதிலுக்கும் தட்டல்தான் வந்தது.

இருட்டிய பின் ரேவன்பெக்கில் யாரும் வெறுமனே கதவைத் தட்ட மாட்டார்கள். வீட்டுக்காரியின் பெயரை மூன்று தரம் சொல்லிக் கூப்பிட வேண்டும். செத்தவர்களால் ஒரு தரம் கூப்பிட முடியும், சிரமப்பட்டால் இரண்டு தரம். மூன்றாவதுக்கு அவர்களிடம் மூச்சு இருக்காது. அதனால் மூன்றாவது அழைப்பைக் கேட்ட பிறகுதான் தாழ்மரத்தை எடுப்பார்கள். பால் குடிக்கக் கற்றதற்கு அடுத்தபடியாக அந்த ஊரில் எல்லோரும் கற்றுக்கொள்ளும் விஷயம் இது.

"என் பேரைச் சொல்லிக் கூப்பிடு. மூணு தரம் கூப்பிடு, திறக்கறேன்."

கதவின் அந்தப் பக்கம் துணி மரத்தில் உரசியது. எதுவோ கீழ்நோக்கிச் சரிந்தது. பிறகு நீண்ட நேரம் தொட்டியின் சத்தம் மட்டும். அதற்கும் பிறகு, சுவருக்கு அப்பால், பன்றி உறுமியது. அந்நியர் யார் நெருங்கினாலும் காது கிழியக் கத்தும் பன்றி அது. இப்போது கத்தவில்லை. தெரிந்தவர்கள் முதுகைச் சொறிந்துவிடும்போது போடும் சின்ன உறுமல் ஒன்றைப் போட்டுவிட்டு அடங்கிப்போயிற்று.

ஹாவிஸ் அதைக் கவனித்தாள். கவனித்ததைப் பற்றி மேலே யோசிக்கவில்லை.

விடிந்ததும் அடுத்த வீட்டுக் குன்னில்டின் குரல்தான் அவளை எழுப்பியது. வண்டிக்காரன் மனைவி, காலையில் முதலில் விழிப்பது கோழி, அடுத்தது இவள் வாய்.

"ஹாவிஸக்கா! உன் பன்னிக்கு மாப்பிள்ளை வந்து படுத்திருக்கான், வந்து பாரு!"

பன்றிக்கொட்டிலின் சுவரை ஒட்டி ஒருவன் சுருண்டு கிடந்தான். முகம் சுவர்ப்பக்கம். மழித்த தலை, அதில் நீலம் பாரித்த தோல். வெளிநாட்டுப் படையாள் போட்டுக்கொள்ளும் தடித்த மேலங்கி விறைத்துப் பலகை போல் நின்றது. கைகளில் கந்தல் சுற்றியிருந்தது. காலணி ஒன்றுதான் இருந்தது.

"குடிச்சிருக்கானா?" என்றாள் ஹாவிஸ்.

"உன் சரக்கைக் குடிச்சுட்டு இந்தக் குளிர்ல படுத்தா யாருதான் எழுந்திருப்பா?" குன்னில்ட் சிரித்தாள். பிறகு அவன் அசையாததைப் பார்த்து, சிரிப்பைப் பாதியில் விட்டாள். "அக்கா. இது போயிருச்சு."

அதற்குள் மணியக்காரர் ஆஸ்பர்ன் சந்து முனையிலேயே நின்று, தன் கண்ணைத் தானே கையால் பொத்திக்கொண்டு கத்தினார். "முகத்தைப் பார்த்துராதீங்க! யாராவது பார்த்தீங்களா? சொல்லித் தொலைங்க!"

"முதுகைத்தான் பார்த்தோம் மணியக்காரரே. முதுகுக்கெல்லாம் வாக்குமூலம் கேப்பாங்களா?"

"முதுகுக்குக் கேக்க மாட்டாங்க. அந்த மட்டும் தப்பிச்சீங்க."

அவர் பயந்ததில் தப்பில்லை. அநாதைப் பிணம் ஒன்று கிடைத்தால், அதன் முகத்தை முதலில் பார்த்தவர்தான் கண்டெடுத்தவர். பிண விசாரணைக்காரர் குதிரையில் வந்து இறங்கும்வரை அவர் பொறுப்பு. வந்த பிறகு அவர்மேல்தான் சந்தேகம். குன்னில்டின் சித்தப்பா ஓடையில் மிதந்த ஒரு நாடோடி வியாபாரியைப் புரட்டிப் பார்த்தார். அந்தக் குளிர்காலம் முழுவதும் கோட்டைச் சிறையில் கிடந்துவிட்டு, கால்விரல்கள் இல்லாமல் வீடு வந்தார். அதன்பின் ரேவன்பெக்கில் யாரும் பிணத்தின் முகத்தைப் பார்ப்பதில்லை. பின்பக்கமாகப் போய், தலையில் சாக்கைக் கவிழ்த்து, கழுத்தில் முடிந்து, ஓடையைத் தாண்டி ஆஸ்கில் கிராமத்து எல்லையில் வைத்துவிட்டு வருவார்கள். யாரும் முகம் பார்க்கவில்லை என்றால் யாரும் கண்டெடுக்கவில்லை. யாரும் கண்டெடுக்கவில்லை என்றால் யாரும் சாகவில்லை.

"போன வருஷம் ஆஸ்கில்காரனுங்க செத்த மாட்டை நம்ம பக்கம் தள்ளிவிட்டானுங்க" என்றார் ஆஸ்பர்ன். "மரியாதைக்கு மரியாதை. ஹாவிஸ், உன்கிட்ட சாக்கு இருக்குமே?"

பார்லிச் சாக்கு ஒன்றை உதறி எடுத்து வந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, அவன் முதுகுப் பக்கமாக மண்டியிட்டு, தடவித் தடவிச் சாக்கை இறக்கினாள். விரல்கள் காதைத் தாண்டின. கன்னத்தைத் தாண்டின. தாடை இருக்க வேண்டிய இடத்தில் எலும்பு தட்டுப்படவில்லை; குழிந்து, புண் ஆறியும் ஆறாமலும் மெத்தென்றிருந்தது. அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. சூடா இருக்கற மாதிரி இருந்துச்சு."

"சுவருக்கு அந்தப் பக்கம் பன்னி படுத்திருக்குல்ல. பன்னிச் சூடு."

பன்றிச் சூடுதான் என்று ஹாவிஸும் நினைத்தாள். பார்லி மூட்டைக்குப் போடும் முடிச்சையே போட்டாள். இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு அது, அவளைத் தவிர யாருக்கும் அவிழ்க்க வராது. தர்ஸ்டனுக்கும் வந்ததில்லை. சிறுவயதில் அவன் காலிச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, முழங்காலால் தவழ்ந்து, கைகளை நீட்டி அவளைப் பயமுறுத்த வருவான். "ஐயோ பூதம்! என் பிள்ளை எங்கே?" என்று அவள் அலற வேண்டும். உடனே சாக்கைத் தானே உருவி எறிந்துவிட்டு, "இங்கே!" என்று அவன் குதிப்பான். சாக்கை அவள் தொடக்கூடாது. தொட்டால் ஆட்டம் கெட்டுப்போயிற்று என்று அழுவான்.

அதை நினைத்துச் சிரித்துக்கொண்டேதான் அவள் முடிச்சை இறுக்கினாள்.

கரிமண் இழுக்கும் சறுக்குவண்டியில் அவனைக் கிடத்தினார்கள். ஹாவிஸ் கால்களைப் பிடித்தாள். ஓடையைத் தாண்டி, ஆஸ்கில் பக்கத்து முள்மரத்தடியில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஆஸ்பர்ன் சீட்டியடித்துக்கொண்டு வந்தார். குன்னில்ட் வழி நெடுக எதையோ பேசினாள். பெரிய சுமை ஒன்று இறங்கிய மாதிரிதான் மூவருக்கும் இருந்தது.

அதன் பிறகு வந்த ஒரு மாலை. காற்று அடங்கி, குளிர் கல்லைப் போல இறங்கியிருந்தது. வெளியே எங்கோ பனிப்படலம் விரிசல் விடும் ஒலி, யாரோ பல்லைக் கடிப்பது போல. ஹாவிஸ் இரண்டு கிண்ணங்களிலும் கஞ்சி ஊற்றினாள். கொழுப்பு விளக்கின் சுடர் ஒருபக்கமாகச் சாய்ந்தது. சந்தில் ஏதோ இழுபடும் சத்தம். ஈர மூட்டையைத் தரையில் இழுப்பது போல. இழுத்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி இழுத்து.

தட்டல்.

கதவின் அடியில்.

"யாரு?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "பேரைச் சொல்லு. மூணு தரம்."

மூச்சுச் சத்தம் கேட்டது. துணிக்குள்ளிருந்து வருகிற, சொரசொரப்பான மூச்சு. பிறகு மரத்தில் விரல்கள். கந்தல் சுற்றிய விரல்கள். மேலே ஏறின. சறுக்கின. மறுபடி ஏறின.

"கூப்பிடேன்!" என்று கத்தினாள். "உசுரோட இருந்தா கூப்பிடேன்!"

பன்றி சுவருக்கு அப்பால் உறுமியது. அந்தச் சின்ன உறுமல்.

அவள் தாழ்மரத்தின் மீது முழு எடையோடு சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். முதுகில், பலகையைத் தாண்டி, யாரோ அதேபோல் சாய்ந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. விடியும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

காலையில் கதவைத் திறந்தபோது வாசலில் யாரும் இல்லை. சந்தின் நடுவில், வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், வாசலைவிட்டு விலகித் தவழ்ந்துபோனவன் போல, அவன் குப்புறக் கிடந்தான். சாக்கு தலையிலேயே இருந்தது. காற்சட்டையின் முழங்கால்கள் தேய்ந்து கிழிந்து, உள்ளே தோலும் கிழிந்திருந்தது.

"ஆஸ்கில்காரனுங்க வேலை!" ஆஸ்பர்னுக்குக் கோபத்தில் காது சிவந்தது. "நாம வச்சதை அப்படியே கொண்டாந்து போட்டிருக்கானுங்க. அவன் ஊர்ப் பொம்பளைங்களை வச்சு இழுக்கவிட்டிருப்பான், முட்டியெல்லாம் தேய்ஞ்சிருக்கு பாரு. ஒழுங்கா ஒரு வண்டி இல்லாத ஊரு."

"ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து காலடி ஒண்ணையும் காணோமே" என்றாள் குன்னில்ட். இந்த முறை அவள் வேடிக்கை பேசவில்லை.

"உறைஞ்ச தரையில காலடி எங்கேருந்து வரும்? நீ சும்மா இரு."

ஹாவிஸ் இரண்டு பேர் சொல்வதையும் கேட்கவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சாக்கின் எல்லாப் பக்கமும் காய்ந்திருந்தது. ஓரிடத்தில் மட்டும், வாய் இருக்க வேண்டிய இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு வெண்பனி பூத்திருந்தது. குளிர்காலக் காலையில் பசுவின் மூக்கைச் சுற்றிப் பூக்குமே, அதுபோல.

பனி எங்கேயும்தான் விழுகிறது, என்று சொல்லிக்கொண்டாள்.

முடிச்சையும் பார்த்தாள். கயிற்றின் நார்கள் பிரிந்து பிசிறாக நின்றன. யாரோ வெகுநேரம் அதை நிமிண்டியிருக்கிறார்கள். விறைத்துப்போன விரல்களால். அவிழ்க்கத் தெரியாமல்.

அவள் வாயைத் திறந்தாள். சொல்லியிருக்கலாம். ஆஸ்பர்ன் அவசரப்படுத்தினார், குன்னில்ட் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றாள், சித்தப்பாவின் விரலில்லாத கால்கள் மூவருக்கும் நினைவில் இருந்தன. ஹாவிஸ் கண்ணை மூடிக்கொண்டு மண்டியிட்டு, கயிற்றை எச்சிலால் நனைத்து, முடிச்சை மறுபடி இறுக்கினாள். நனைந்த கயிறு உறைந்தால் பல்லால் கடித்தாலும் அவிழாது.

இந்த முறை தூரமாகக் கொண்டுபோனார்கள். ஆஸ்கில் மேட்டுத்தரிசில் கரிமண் வெட்டிக் கைவிட்ட குழி ஒன்றில் இறக்கி, மேலே கட்டிகளை அடுக்கினார்கள். அடுக்கும்போது ஹாவிஸுக்குக் கீழேயிருந்து ஏதோ கேட்டது போலிருந்தது. மற்ற இருவரையும் பார்த்தாள். அவர்கள் அவளைப் பார்க்கவில்லை. ஒருவரையொருவரும் பார்த்துக்கொள்ளவில்லை. கட்டிகளை வேகவேகமாக அடுக்கினார்கள்.

அதற்கப்புறம் அவளால் வீட்டில் இருக்க முடியவில்லை. தட்டல் கேட்கவில்லை, கேட்காதது இன்னும் மோசமாக இருந்தது. தொட்டியின் சத்தம் மூச்சுத் திணறுவது போலவே கேட்டது. ஒரு பிற்பகல் சால்வையைப் போர்த்திக்கொண்டு, கதவைச் சும்மா சாத்திவிட்டு, ஓடையைத் தாண்டிப் போனாள். ஆஸ்கில் மேய்ப்பன் ஈவோ அந்தக் கரையில்தான் குடிசை போட்டிருந்தான். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆமாம், நாங்கள்தான் தூக்கி வந்து போட்டோம் என்று ஒரு வார்த்தை.

"பொணமா?" ஈவோ ஆட்டுக்குளம்பைச் சுரண்டிக்கொண்டே கேட்டான். "எந்தப் பொணம்? இந்தக் குளிர்ல ஓடையத் தாண்டறதுக்கு எங்களுக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? ரேவன்பெக் ஆளுங்க வாயே இப்படித்தான்."

"நெசமாச் சொல்லுப்பா. நீங்க யாரும் கொண்டாந்து போடலையா?"

"அம்மா மேல சத்தியம்." அவன் நிமிர்ந்து பார்த்தான். முகம் மலர்ந்தது. "அட, நீ தர்ஸ்டனோட அம்மா இல்ல? அப்பாடா. பையன் பத்திரமா வந்து சேர்ந்தானா?"

அவள் ஓரடி பின்னால் வைத்தாள்.

"எனக்கே மனசு கேக்கல. அடையாளமே தெரியலம்மா, கண்ணைப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சேன். யாரோ சாமியாருங்க வைத்தியம் பண்றேன்னு தலைய மழிச்சு விட்டிருக்காங்க. தாடையில ஈட்டி பாய்ஞ்சு நாக்கும் போயிருச்சு, ஒரு சத்தம் வரல. காலு வேற விறைச்சுப்போச்சு. இங்கதான் உக்கார்ந்து கூழு குடிச்சான், பாதி வழிஞ்சிருச்சு. இருந்து விடிஞ்சு போடான்னேன். கேக்கல. உன் வீட்டுப் பக்கம் கையக் காட்டி, சாக்கைத் தலையில மாட்டற மாதிரி காட்டிக் காட்டிச் சிரிச்சான். எனக்கு ஒண்ணும் புரியல. உனக்குப் புரியுமா?"

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஹாவிஸ் ஓடினாள். மேட்டுத்தரிசின் புல் ஒவ்வொன்றும் கண்ணாடி போல் உடைந்தது. ஈவோ பின்னால் எதையோ கேட்டுக்கொண்டே நின்றான். சால்வை எங்கோ விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

குழி திறந்திருந்தது.

கட்டிகள் சிதறிக் கிடந்தன. உள்ளே யாரும் இல்லை. விளிம்பில், கறுப்பு மண்ணில், நகங்கள் கிழித்த கோடுகள். அங்கிருந்து ஒரு தடம். உழுத சால் போல. புல்லை நசுக்கி, சரிவில் இறங்கி, ஓடைப் பனியை உடைத்து, கரையேறி, வழியில் எங்கும் திசை தடுமாறாமல்.

அவள் தடத்தோடு போனாள். அது அவளுக்குத் தெரிந்த வழி. பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு. ஆட்டுப்பட்டியின் உடைந்த சுவரை ஒட்டி. சிறுவனாக இருந்தபோது அவன் ஓடி வரும் குறுக்குவழி.

சந்து. பன்றிக்கொட்டில். பன்றி எழுந்து, அவள் வீட்டுப் பக்கம் மூக்கை நீட்டி நின்றது.

தடம் வாசலில் முடிந்திருந்தது. கதவு சாத்தியிருந்தது. சாத்தியபடி. ஆனால் படியில் கறுப்பு மண். உள்நோக்கிப் போன மண்.

இருட்டிவிட்டது. உள்ளேயிருந்து தொட்டியின் சத்தம் கேட்டது. வேறெதுவும் இல்லை.

தன் வீட்டுக் கதவின் முன்னால் ஹாவிஸ் நின்றாள். கை உயரவில்லை. முழங்காலிட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே தட்டினாள். கதவின் அடியில்.

"தர்ஸ்டன்."

காற்று இல்லை.

"தர்ஸ்டன்."

தொட்டிச் சத்தம் நின்றது.

"தர்ஸ்டன்... ராஜா... அம்மாடா."

உள்ளேயிருந்து தட்டல் வந்தது. அதே உயரத்தில். அவள் கைக்கு நேராக.

தள்ளினாள்.

அடுப்புத் தணலின் சிவப்பில் அவன் முழங்காலிட்டிருந்தான். மேலங்கி முழுக்கக் கறுப்பு மண். கைகள் முன்னால் நீண்டிருந்தன. கந்தல் அவிழ்ந்து, நகங்கள் இல்லாமல். தலையில் அவளுடைய சாக்கு. கழுத்தில் அவளுடைய முடிச்சு.

சாக்கு வாய்ப்பக்கம் உள்ளே குழிந்தது. வெளியே உப்பியது. சத்தம் இல்லை.

மறுபடி குழிந்தது. உப்பியது.

அவள் காத்திருந்தாள். எல்லோரும் காத்திருப்பது மூன்றாவதுக்குத்தானே.

மூன்றாவது முறையும் குழிந்தது. உப்பியது. மூச்சு இருந்தது.

அவள் அவன் கையைப் பிடித்தாள். விறகு போலிருந்தது. மணிக்கட்டைத் தேடினாள். எதுவும் துடிக்கவில்லை. மார்பில் காதை வைத்தாள். விறைத்த துணியின் குளிர் மட்டும். சாக்கு அவள் கன்னத்துக்கு மேலே அசைந்துகொண்டேயிருந்தது. கதகதப்பு இல்லாத மூச்சு.

முடிச்சுக்குக் கையைக் கொண்டுபோனாள். அவளால் அவிழ்க்க முடியும். ஊரில் அவள் ஒருத்தியால்தான் முடியும். விரல்கள் கயிற்றைத் தொட்டன. அங்கேயே நின்றன. அவிழ்த்தால் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தால் அவள் கண்டெடுத்தவள். கண்டெடுத்துவிட்டால், அவன் செத்தவன்.

கையை எடுத்துக்கொண்டாள். அவனுக்கு எதிரே, தரையில், நன்றாகக் காலை மடக்கி உட்கார்ந்தாள். கண்ணீரைத் துடைத்து, பயப்படுகிற முகத்தை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ பூதம்" என்றாள். "என் பிள்ளை எங்கே?"

பதிலுக்குக் காத்திருந்தாள்.

இதன் பிறகு நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. ஈவோ கேட்டவர்களிடமெல்லாம் விஷயத்தைச் சொன்னான். ரேவன்பெக்கில் யாரும் கேட்கவில்லை. வசந்தத்தில் பிண விசாரணைக்காரர் வந்தார். யார் முகத்தைப் பார்த்தது என்று விசாரித்தார். யாரும் பார்க்கவில்லை என்று ஆஸ்பர்ன் சத்தியம் செய்தார், அது பொய்யும் இல்லை. அதிகாரி விலாங்குக் கறி சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். ஆஸ்பர்ன் அந்தக் கோடைக்குப் பின் எழுந்து நடக்கவில்லை. கால் மரத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு கிடந்து, அப்படியே போனார். குன்னில்ட் சந்தைப்பேட்டையில் இருந்த தங்கை வீட்டுக்குக் குடிபோனாள். போவதற்கு முன் ஒரு தரம் கதவிடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறாள். தன் கண்ணைத் தானே நம்பவில்லை என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகு அவள் வேடிக்கை பேசி யாரும் கேட்டதில்லை. பன்றி வயதாகிச் செத்தது.

ஹாவிஸ் மது காய்ச்சுவதை விட்டுவிட்டாள். ஒவ்வொரு மாலையும் அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் பயந்து அலறும் குரலும், பிறகு நீண்ட அமைதியும் கேட்கும். சந்தில் போகிறவர்கள் நடையைத் துரிதப்படுத்துவார்கள். பல குளிர்காலங்கள் அப்படிப் போயின. ஒருநாள் அலறல் கேட்கவில்லை. கதவைத் திறந்தார்கள். அவள் அடுப்பின் அருகே, காலை மடக்கி உட்கார்ந்தபடியே இறந்திருந்தாள். அவள் முகத்தை எல்லோரும் பார்த்தார்கள்; காத்திருக்கிற முகம். அவளைத் தேவாலயத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

எதிரே இருந்ததை யாரும் தொடவில்லை. மேலங்கிக்குள் எலும்புதான் மிஞ்சியிருந்தது என்று அவளைத் தூக்கப் போனவர்கள் சொன்னார்கள். மடியில் கிண்ணம் இருந்தது. கழுத்தில் முடிச்சு அவிழாமல் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிட்டார்கள்.

சாக்கின் வாய்ப்பக்கம் ஈரமாக இருந்தது.